ஃபாஃப்சா விண்ணப்ப உதவி

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குக் கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெற, மாணவர்கள் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டிய படிவம் ஃபாஃப்சா. திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பெல் உதவித்தொகை, கல்விக்கடன், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் திட்டம் அனைத்துக்கும் இது ஒன்றே போதும். பல மாநிலங்களும் கல்லூரிகளும் தங்கள் உதவியை இதை வைத்தே முடிவு செய்கின்றன.

சிக்கல் படிவத்தில்தான். மாணவருக்கும் பெற்றோருக்கும் தனித்தனி இணையக் கணக்கு வேண்டும். வருமான வரி விவரத்தைப் பெற இருவரும் ஒப்புதல் தராவிட்டால், கூட்டாட்சி உதவி கிடையாது. பெற்றோர் மணமுறிவு பெற்றிருந்தால், பிள்ளைக்கு அதிகம் செலவழித்தவரின் வருமானமே எடுத்துக்கொள்ளப்படும். பதினேழு வயதுப் பிள்ளை அதை வீட்டில் கேட்பது எளிதல்ல! எனவே பள்ளி ஆலோசகர்கள் மாலை நேர முகாம்களில் குடும்பத்தோடு அமர்ந்து நிரப்பித் தருகின்றனர்.

இவ்வுதவியின் பயனுக்குச் சான்று, எரிக் பெட்டிங்கர் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு. வரிக்கணக்குத் தயாரித்துத் தரும் நிறுவனமொன்றின் அலுவலகங்களில் படிவத்தை நிரப்ப உதவி பெற்ற குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டாண்டுகள் படித்து முடித்தோர் 28இலிருந்து 36 விழுக்காடாயினர். தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எளிமையாக்கப்பட்ட படிவம் 2023 டிசம்பர் இறுதியில் பல கோளாறுகளுடன் தாமதமாக வந்தது. விண்ணப்பிக்கக் கட்டணமில்லை, பணம் கேட்கும் இணையதளங்களைத் தவிர்க்கவும்.