பரவையின் குரல்

நம் வளாகப் பொங்கல் விழாவில் வருடந்தோறும் போடும் ‘தூள்’ படப் பாட்டைப் பாடி நடித்த முனியம்மா, திண்டுக்கல் சாலையில் நாம் கடந்துபோகும் பரவையைச் சேர்ந்தவர். 2003-இல் அந்தப் படம் வந்தபோதே அவர் பாட்டி. அதுவரை பல ஆண்டுகள் கோயில் திருவிழா மேடைகள்தான்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர். ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் இசைத்தட்டில் பாடிவிட்டு வயல்வேலைக்குத் திரும்பினார். 1963-இல்தான் ரசிகர்கள் தேடிவந்தார்கள். மூன்றே ஆண்டில் இறந்தார்.

முனியம்மாவுக்குப் புகழ் நீடித்தது, பணம் நீடிக்கவில்லை. மேடைக் கலைஞருக்கு ஏது பி.எஃப்.? முதுமையில் நோயோடு சிரமப்பட்டார். 2015-இல் தமிழக அரசு உதவியது. 2020 மார்ச் 29, ஊரடங்கின் ஐந்தாம் நாள், காலமானார்.

அடுத்த பொங்கலுக்கு ஸ்பீக்கருக்குப் பதில், சம்பளம் பேசி ஒரு கிராமியப் பாட்டுக்குழுவை அழைக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன்.