பொஸ்னியாவின் 'தாய்மாமன்கள்': அழிவிலிருந்து மீண்ட பிரான்சிஸ்கன் துறவிகள்

பிரான்சிஸ்கன் துறவிகள் 1291இல் பொஸ்னியாவுக்குச் சென்றனர். 1463இல் அந்நாட்டைத் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கைப்பற்றினார். துறவிகளையும் அவர்களது தேவாலயங்களையும் எவரும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற சாசனத்தை, அஞ்செலோ ஸ்விஸ்டோவிச் என்ற துறவி அவரிடம் பெற்றார். 'அஹ்த்நாமா' எனப்படும் அது ஃபோய்னிட்சா மடத்தில் பேணப்படுகிறது.

ஆனால் ஏட்டிலிருந்த பாதுகாப்பு எப்போதும் நடைமுறையில் கிடைக்கவில்லை. மடங்கள் அழிக்கப்பட்டன, அதிகாரிகள் பணம் பறித்தனர். 1683 முதல் 1699 வரை நீடித்த போரில் கத்தோலிக்கர் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். இறுதியில் ஃபோய்னிட்சா, கிரெஷேவோ, கிராலேவா சூட்யெஸ்கா ஆகிய மூன்று மடங்களே எஞ்சின.

துறவிகள் சாதாரண உடையில் ஊர் ஊராகச் சென்று மக்களைச் சந்தித்தனர். மக்கள் அவர்களை 'உயாக்', அதாவது தாய்மாமன் என்று அழைத்தனர். அந்நியர் கண்ணுக்கு அவர் வீட்டுக்கு வந்த உறவினர். அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

1878இல் ஒஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி வந்த பின்னர் புதிய மடங்களும் பாடசாலைகளும் எழுந்தன. இரண்டாம் உலகப் போரில் சில துறவிகள் உஸ்தாஷா கொடுங்கோலருக்குத் துணைபோன கறையும் இவ்வரலாற்றில் உண்டு. பின்வந்த கம்யூனிச ஆட்சியில் பல துறவிகள் சிறை சென்றனர்.

1990களின் யுத்தம் மீண்டும் அனைத்தையும் குலைத்தது. 1992இல் பிளெஹான் மடமும் 1995இல் பெட்ரிச்செவாட்ஸ் மடமும் தகர்க்கப்பட்டன. சாசனம் இருக்கும் ஃபோய்னிட்சா மடத்திலேயே 1993 நவம்பரில் இரு துறவிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

தகர்ந்த மடங்கள் மீளக் கட்டப்பட்டுள்ளன. இடம்பெயர்ந்த மக்களில் பலரோ இன்னும் திரும்பவில்லை.