அல்லிராணி கோட்டையும் அல்லி அரசாணி மாலையும்



அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் கட்டிடத்தைக் காட்டி, "இதுதான் அல்லிராணி ஆண்ட கோட்டை" என்று சொல்லும் வீடியோவைப் பலர் எனக்கு அனுப்பி, "சேர், இது உண்மையா?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம், இல்லை என்று. ஆனால் அந்தப் பெயர் ஏன் அங்கே ஒட்டிக்கொண்டது என்பது ஒரு வரியில் முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கட்டிடம். அது ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் கட்டிய மாளிகை. 1800களின் ஆரம்பத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்காகச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியது. கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்கள் இருந்ததால் 'டொரிக்' என்று பெயர். அவர் காலத்தில் இலங்கையில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இந்த மாளிகையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்து ஊரிலே இருக்கும் பழைய அரிப்புக் கோட்டை வேறு. கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த கோட்டை அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் அல்லி வாழவில்லை.

அப்படியென்றால் அல்லி எங்கே வாழ்ந்தாள்? பாட்டில் வாழ்ந்தாள். அதன் பெயர் 'அல்லி அரசாணி மாலை'.

கதை தெரியாத இளம் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையில்லாத பாண்டிய மன்னனுக்கு அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை அவள். சிறு வயதிலேயே நீன்முகன் என்பவனை வென்று மதுரையை ஆள்கிறாள். அவளைச் சுற்றிப் பெண்களே அதிகாரிகள், பெண்களே படை. ஆண்களின் முகத்தில் விழிக்க விருப்பமில்லாதவள். அவள் அழகைக் கேள்விப்பட்ட அருச்சுனன் எத்தனையோ வேடம் போட்டும் கிட்டப் போக முடியவில்லை. கடைசியில் கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் அரண்மனைக்குள் நுழைகிறார்கள். அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் கொதித்தெழுகிறாள். பிறகு எப்படியோ சமாதானமாகிறது. புலந்திரன் என்று ஒரு மகன் பிறக்கிறான். அந்த மகன் பவளத் தேர் கேட்டு அழ, அருச்சுனன் பவளம் தேடிப் போய்ப் பவளக்கொடியைக் கல்யாணம் முடித்த கதை தனி மாலை. 1934இல் தியாகராஜ பாகவதர் நடித்த 'பவளக்கொடி' படத்தின் கதை அதுதான்.

இதை எழுதியவர் யார்? பெரிய எழுத்துப் புத்தகங்களில் 'புகழேந்திப் புலவர்' என்று போட்டிருக்கும். நளவெண்பா பாடினாரே, அவர். அதற்கு ஒரு கதையும் உண்டு. ஒட்டக்கூத்தர் பொறாமையால் புகழேந்தியைச் சிறையில் போடச் செய்தாராம். சிறைச்சாலை வழியாகத் தண்ணீருக்குப் போகும் பெண்களுக்காக இந்த மாலைகளைப் புகழேந்தி பாடினாராம், அந்தப் பெண்கள் அவருக்கு அரிசியும் சாமான்களும் கொடுத்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த கதை, ஆனால் நம்ப முடியவில்லை. நளவெண்பாவையும் இந்த மாலையையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் எட்டாம் தரத்துப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும். ஒன்று இலக்கணம் பிசகாத வெண்பா. மற்றது மூச்சுக்கு மூச்சு சொன்னதையே திரும்பச் சொல்லி, கேட்பவர் மனதில் பதியும்படி பாடுவது. பேச்சு மொழியும் பல நூற்றாண்டு பிந்தியது. ஆய்வாளர்கள் இத்தகைய கதைப்பாடல்களை நாயக்கர் காலத்துக்கும் அதற்குப் பின்னுக்கும் கொண்டுபோவது அதனால்தான். அச்சுப் போட்டவர்களுக்கு ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது, புகழேந்தியின் பெயர் கிடைத்தது என்பது என் கருத்து. ஆனாலும் அந்தச் சிறைக்கதை ஒன்றைச் சரியாகச் சொல்கிறது. இது பெண்கள் கேட்ட பாட்டு.

அல்லி என்ற பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சண்டை. வியாச பாரதத்தில் அல்லி இல்லை. அங்கே அருச்சுனன் மணப்பது சித்திராங்கதையை. வில்லிபுத்தூரார் தன் பாரதத்தில் அந்தச் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கிவிட்டார். அவளே நாட்டார் வாயில் அல்லியானாள் என்பது ஒரு பக்கம். ஆண்பிள்ளை போல் வளர்ந்து நாடு பிடிக்கப் புறப்பட்ட மதுரை மீனாட்சியின் கதைதான் மூலம் என்பது இன்னொரு பக்கம். மூன்றாவது தரப்பு இன்னும் பின்னுக்குப் போகிறது. கி.மு. 300 அளவில் இந்தியா வந்த மெகஸ்தனிஸ் என்ற கிரேக்கத் தூதர் சொன்னதாக அர்ரியன் எழுதி வைத்த செய்தி: ஹெராக்ளிஸுக்கு ஒரே மகள், பெயர் பண்டையா. அவள் ஆளும்படி ஒரு நாட்டைக் கொடுத்தான், அவளை அலங்கரிக்கக் கடலில் இருந்து முத்து எடுத்தான். தெற்கே, பாண்டிய நாட்டில், முத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட ஓர் அரசி! அல்லிதான் பண்டையா என்று சொல்ல இது போதாது. ஆனால் பெண் ஆண்ட நாடு என்ற நினைவு இந்தப் பக்கத்தில் மிகப் பழையது என்பதற்கு இது போதும்.

இனி நம் கரைக்கு வருவோம். குதிரைமலையில் அல்லி ஆண்டாள், அவள் அரண்மனையைக் கடல் கொண்டது என்று புத்தளம் முதல் மன்னார் வரை சொல்வார்கள். மாலையைப் பிரித்துப் பாருங்கள், அவள் ஊர் மதுரை. குதிரைமலை இல்லை. பிறகு எப்படி இங்கே வந்தாள்? முத்துக்குளிப்போடு வந்தாள் என்றே நான் நினைக்கிறேன். மறிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளிப்பு அறிவித்தால் வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பும். கீழக்கரை, காயல்பட்டின முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரவர்கள், அரபிகள், செட்டிமார், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரவாதிகள் என்று ஆயிரக்கணக்கில் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். இரவில் கதை கேட்காமல் இருந்திருப்பார்களா? பாண்டியருக்குச் செல்வம் முத்து. முத்து எடுப்பது இங்கே. ஆகவே பாண்டிய அரசி இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தோன்றியிருக்கும். பெரிய பாழடைந்த மாளிகை ஒன்றும் கண்ணெதிரே நின்றது. பெயர் ஒட்டிக்கொண்டது.

"மகாபாரதக் கதை, நமக்கு எதற்கு சேர்?" என்று கேட்பவர்களும் உண்டு. நம் உம்மும்மாமார் ஓதிய கிஸ்ஸாக்களை எடுத்துப் பாருங்கள். 'சைத்தூன் கிஸ்ஸா'வில் வாள் எடுத்துப் போர் செய்யும் பெண். 'நூறு மசலா'வில் கேள்வி கேட்டே மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களைத் தோற்கடிக்கும் இளவரசி. ஈமான் வேறு, பெயர் வேறு. ஆனால் அல்லியைப் போல எளிதில் அடங்காத பெண்தான் அவற்றிலும் நடுவில் நிற்கிறாள். ஒரே கடலைச் சுற்றி வாழ்ந்த பெண்கள் ஒரே மாதிரிக் கதைகளை விரும்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் பாட்டின் முடிவு எனக்குப் பிடிக்காது. தூங்கும் பெண்ணுக்குத் தாலி கட்டுவது வீரமா? பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு அதை நளினமாகச் சொல்ல வராது. இன்றும் ஒரு கந்தோரில் மூன்று பெண்கள் சேர்ந்து முடிவெடுத்தால் "அல்லி ராச்சியம்" என்று நக்கலடிக்கிறோம். ஆனால் அதே பாட்டில் கேட்பவர்கள் நினைவில் வைத்திருப்பது அருச்சுனனின் தந்திரத்தை அல்ல, அல்லியின் கொலுவைத்தான். கோட்டைக்கும் அருச்சுனன் பெயரை யாரும் வைக்கவில்லை.

எனக்குக் கவலை வேறு. டொரிக் கட்டிடம் கடலுக்குள் விழுந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. 1990 ஒக்டோபரில் உடுத்த துணியோடு புறப்பட்ட எம்மவர்கள் கிஸ்ஸாப் புத்தகங்களையா தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? பாட்டு, வயதானவர்களின் நெஞ்சில் மட்டும்தான் போனது. முகாமில் பிறந்து வளர்ந்து இப்போது முசலிக்குத் திரும்பியிருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோவில் வரும் அல்லியைத் தவிர வேறு அல்லி தெரியாது.

உங்கள் வீட்டில் உம்மும்மாவோ வாப்பும்மாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். அல்லி மாலையோ சைத்தூனோ நூறு மசலாவோ நாலு வரி தெரிந்தாலும் போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில், யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எனக்கு அனுப்பினால் எழுதிச் சேர்த்து வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.