பொருநை மலையின் வன பங்களாக்கள்

பொருநை எனப்படும் தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில் முண்டந்துறை வன விடுதி, களக்காட்டுக்கு மேலே செங்கல்தேரி பங்களா, பொதிகை மலைக்குப் போகும் பழைய பாதையில் கண்ணிகட்டி பங்களா: நெல்லை மலைக்காட்டின் வன வரலாற்றை இந்த மூன்று இடங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

சென்னை மாகாண வனத்துறை 1856-இல் கிளெக்ஹார்ன் தலைமையில் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் வந்தபின் காப்புக்காடுகளுக்கு எல்லை குறிக்கப்பட்டது. எல்லைக்கல் பார்க்க, வெட்டும் மரத்தில் முத்திரை அடிக்க, கோடைத் தீயைத் தடுக்க ரேஞ்சர் நாள்கணக்கில் காட்டில் தங்கவேண்டியிருந்தது. அதற்காக எழுந்தவைதான் வன பங்களாக்கள்.

மரக்கணக்கு மட்டுமே அந்தத் துறையின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கிளெக்ஹார்னுக்குப் பின் தலைமை ஏற்ற பெடோம், திருநெல்வேலி மலைகளில் செடிகளையும் பாம்புகளையும் தேடித் திரட்டினார். காட்டை அறிவதும் அந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

1962-இல் முண்டந்துறை புலிகளுக்கான சரணாலயமானது. 1970-களில் ஆய்வாளர்கள் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி இருவரும் இந்த மலைகளில் சிங்கவால் குரங்குகளை ஆராய்ந்தார்கள். அந்தக் குரங்குகளைக் காக்கவே 1976-இல் களக்காடு சரணாலயம் உருவானது. 1988-இல் இரண்டும் இணைந்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. இன்று அதன் மையப்பகுதியின் பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர்.

பங்களாக்களின் வேலையும் மாறியது. செங்கல்தேரி ஆய்வாளர்களின் தங்குமிடமானது. கண்ணிகட்டிக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பாணதீர்த்தம், இஞ்சிக்குழி வழியாக அகத்தியரைத் தேடிப் பொதிகை ஏறிய அடியார்கள் இரவு தங்கிய இடம் அது. அந்தப் பாதை இப்போது பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. கூட்டம் தாங்காத காடு என்பதால் அது சரியான முடிவே.

காட்டைக் காலால் அளந்து வைத்திருப்பவர்கள் காணிப் பழங்குடியினர். மைலாறு, இஞ்சிக்குழிக் குடியிருப்புகளைச் சேர்ந்த அவர்களில் பலர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை செய்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த பங்களாக்களின் வரலாற்றை எழுதவே முடியாது.

கண்ணிகட்டிக்கு மேலே, பூங்குளத்தில் ஊறும் நீர்தான் தாமிரபரணியாகப் பாபநாசத்தில் மலையிறங்கி, மருதூர் மேலக்கால், சடையநேரிக் கால்வாய் வழியாக உடன்குடிப் பக்கத்துக் குளங்களுக்கும் வந்து சேர்கிறது.