தவிடு தந்த மருந்து

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தினர், லெம்போயாங் என்னும் காட்டு இஞ்சியிலிருந்து எடுத்த ஒரு பொருள் சுண்டெலிகளின் நரம்பு வலியைத் தணிப்பதைக் கண்டு 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருந்தை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் இம்முறைக்கு நமது நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனை இன்று காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. நரம்புகள் கெட்டு, கால் மரத்து, கெண்டைச் சதை நொந்து, முடிவில் இதயமும் ஓய்ந்துவிடும். தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பலர் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே இந்நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார்.

இதைச் சோதிக்க முனைந்தவர் மருத்துவர் பிளெட்சர். 1905 டிசம்பர் முதல் 1906 முடியும்வரை, கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். மறு பிரிவில் புதிதாக ஒருவருக்கும் நோய் காணவில்லை. உண்மை விளங்கிற்று, ஆனால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் அன்றோ அதற்கு விலை கொடுத்தவர்கள்!

1890களிலேயே பத்தாவியாவில் ஐக்மன் என்பவர், வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் முடங்குவதையும், தவிடு நீங்காத அரிசியால் தேறுவதையும் கண்டிருந்தார். அரிசியில் ஏதோ நஞ்சு உண்டென அவர் எண்ணினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் அக்கோழிகளின் வழியிலேயே மேலும் சென்றனர். தவிட்டைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாற்றை வெள்ளரிசியுடன் கொடுத்தபோது கோழிகள் நலமாயிருந்தன. அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. அந்தப் பொருளை 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் பிரித்தெடுத்தனர். அதுவே வைட்டமின் பி1.

உமியோடு நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. நம் முன்னோர் காரணம் அறியாமலே நலம் பெற்றனர்.

எலியிடம் கண்ட பலன் உடனே மனிதருக்கு மருந்தாகிவிடாது. ஆயினும் மனிதரிடம் செல்லுமுன் அந்தப் படியைக் கடந்தே தீரவேண்டும். ஏன் என்று கேட்போருக்கு, அந்த 18 உயிர்களை நாம் நினைவூட்டலாம்.