துறைமுகத்தை மூடுவதா? – ஹாம்பர்க், 1892

1892 ஆகஸ்ட் 14 இரவு. ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரில், கழிவுநீர் வேலை பார்த்த ஒரு தொழிலாளிக்கு வாந்தியும் பேதியும் கண்டன. மறுநாள் இறந்துபோனார். வந்து பார்த்த மருத்துவருக்கு அது காலரா என்ற சந்தேகம் இருந்தது, மேலதிகாரிகள் ஏற்கவில்லை. அடுத்த ஒரு வாரம் ஹாம்பர்க் மருத்துவமனைக்கு இதே அறிகுறிகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நகரத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிராஸ் காத்திருந்தார். செனட்டும் காத்திருந்தது. காலரா என்று உறுதிசெய்து பெர்லினுக்குச் செய்தி அனுப்பும்போது ஆகஸ்ட் 23 ஆகிவிட்டது.

ஏன் காத்திருந்தார்கள் என்று புரிந்துகொள்ள, அந்நகரை ஆண்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் பேரரசுக்குள் ஹாம்பர்க் தன்னாட்சி பெற்ற குடியரசு. செனட்டில் 18 பேர், வாழ்நாள் பதவி. வணிகர்களும் வழக்கறிஞர்களும்தான் பெரும்பாலும் அங்கே அமர்ந்தார்கள். சட்டமன்றத்தின் 160 இடங்களில் பாதியை வீட்டுச் சொந்தக்காரர்களும் நகரப் பிரமுகர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மீதி இடங்களுக்கு வாக்களிக்கவும் குடியுரிமைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். துறைமுகக் கூலிக்காரர் எவர் அதைக் கட்டப்போகிறார்?

காலரா என்று அறிவித்த மறுநாளே உலகத் துறைமுகங்கள் ஹாம்பர்க் கப்பல்களைத் தடுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சரக்கு ஏற்றி இறக்கி அன்றாடக் கூலி வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கும் துறைமுகம்தான் சோறு போட்டது. போதாததற்கு, மியூனிக்கின் பெரும் மருத்துவ அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் அவர்களுக்குத் துணையாக இருந்தார். கிருமி மட்டும் காலராவை உண்டாக்காது, மண்ணும் நிலத்தடி நீரும் காலநிலையும் கூட வேண்டும், கப்பல்களைத் தடுத்துவைப்பதால் பயனில்லை என்பது அவர் கொள்கை. அதை அவர் உளமார நம்பினார். அந்த அக்டோபரில், தம் 73 வயதில், காலராக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்துக் காட்டினார். லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்தும்விட்டார்! ஆனால் ஹாம்பர்க் ஆட்சியாளர்கள் அவரைப் பற்றிக்கொண்டதற்கு அறிவியல் ஈடுபாடு மட்டும் காரணம் அல்ல என்றே நான் நினைக்கிறேன். அவர் சொன்னபடி நடந்தால் துறைமுகத்தை மூட வேண்டாம். தண்ணீருக்கும் செலவு செய்ய வேண்டாம்.

தண்ணீர்தான் உண்மையான கதை. 1842 பெருந்தீக்குப் பிறகு ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி அந்நகருக்கு நவீனக் குழாய் நீர் அமைப்பைக் கட்டிக்கொடுத்தார். எல்பே ஆற்று நீர் வடிகட்டப்படாமலே வீடுகளுக்குப் போனது. குழாய்களுக்குள் வாழும் புழு பூச்சிகளை வகைப்படுத்தி 1880களில் விலங்கியலாளர் க்ரேப்பெலின் ஓர் ஆய்வே வெளியிட்டார் என்றால் அந்த நீரின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டும் நிலையம் வேண்டும் என்ற பேச்சு 1870களிலேயே எழுந்தது. செலவை யார் ஏற்பது என்ற வழக்கில், வீட்டுச் சொந்தக்காரர்கள் நிறைந்த மன்றத்தில் அது பல ஆண்டுகள் இழுபட்டது. 1890இல்தான் ஒப்புதல் கிடைத்தது. கொள்ளைநோய் வந்தபோது கட்டுமானம் பாதியில் நின்றது.

பிரஷ்ய ஆட்சிக்கு உட்பட்ட ஆல்டோனாவும் அதே எல்பே நீரைத்தான் குடித்தது, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு. ஆனால் அங்கே 1859 முதலே மணல் வடிகட்டி இருந்தது. இரு நகரங்களின் எல்லை ஒரு தெருவின் ஊடாக ஓடிய இடத்தில், ஹாம்பர்க் பக்கம் நோயாளிகள் குவிந்தார்கள், ஆல்டோனா பக்கம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனா குழாயில் நீர் பெற்ற ஒரு தொழிலாளர் குடியிருப்பும் தப்பியது. அதே வானிலை, அதே மண், அதே வறுமை. பெட்டன்கோஃபருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24 காலை பெர்லினிலிருந்து ராபர்ட் காக் வந்து இறங்கினார். 1884இல் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டவர் அவர். துறைமுகத்தை ஒட்டிய நெரிசலான சந்துகளைச் சுற்றிப் பார்த்துத் திகைத்துப்போனார். காய்ச்சிய நீரை வண்டிகளில் கொண்டுபோய்க் கொடுப்பது, கிருமிநாசினிக் குழுக்கள், பள்ளி விடுமுறை என்று எல்லாம் அதன் பிறகுதான் வேகமெடுத்தன. செனட் வெறுத்த சமூக ஜனநாயகக் கட்சியின் தொண்டர்கள், தொழிலாளர் தெருக்களில் வீடுவீடாக எச்சரிக்கைத் துண்டறிக்கை கொடுத்தார்கள். அதற்குள் நீர்க்குழாய் தன் வேலையை முடித்திருந்தது. ஆகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். சில வாரங்களில் மடிந்தவர்கள் சுமார் 8,600 பேர். ஏழைகளின் வீடுகளில்தான் சாவு மிகுதி. காய்ச்சிய நீருக்கு வேலையாளும் விறகும் வேண்டும், ஊரைவிட்டு ஓட ரயில் கட்டணம் வேண்டும்.

காப்பாற்ற நினைத்த வணிகமாவது மிஞ்சியதா? ஆகஸ்ட் 17 அன்று, நோய் இல்லை என்ற சான்றிதழோடு மொராவியா என்ற கப்பல் அகதிக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க் கிளம்பியது. வழியில் 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அமெரிக்க அதிபர் ஹாரிசன் செப்டம்பர் 1 அன்று, குடியேறிகளை ஏற்றிவரும் கப்பல்கள் 20 நாள் தடுத்துவைக்கப்படும் என்று உத்தரவிட்டார். மற்ற துறைமுகங்களும் கதவடைத்தன. நேர்மையாகச் சொல்லியிருந்தாலும் ஹாம்பர்க்குக்கு நட்டம்தான். மறைத்துவைத்ததால் நட்டத்தோடு நம்பகமும் போனது. உயிரா வணிகமா என்று அந்த வாரம் எடைபோட்டவர்கள், எடையில் இருந்தது பிறர் உயிர் என்பதால்தான் அவ்வளவு நிதானமாகப் போட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருவதை மறைக்கவில்லை.

வடிகட்டும் நிலையம் 1893 மே மாதம் இயங்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் இழுபட்ட வேலை சில மாதங்களில் முடிந்தது. 1896இல் குடியுரிமைக் கட்டணம் நீங்க, தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வாக்கு கிடைத்தது. அவர்களது சமூக ஜனநாயகக் கட்சி மன்றத்தில் இடம்பிடித்து வளரத் தொடங்கியதும், 1906இல் ஹாம்பர்க்கின் ஆட்சியாளர்கள் சட்டத்தைத் திருத்தி, வாக்காளர்களை வருமானப்படி இரு வகுப்பாகப் பிரித்தார்கள்.

(தொடரும்)