கோட்டை வாயிற் கல்லும் குளக்கோட்டன் புகழும்

திருக்கோணமலைப் பிரெடரிக் கோட்டையின் வாயிலிற் பதிக்கப்பெற்ற கல்லிலே இரட்டைக் கயலும் சிதைந்த சில தமிழ் வரிகளும் காணப்படும். குளக்கோட்டன் செய்த கோயிற்பணி பிற்காலத்திற் பறங்கியராற் குலையும் என்பதும், பின்வரும் அரசர் அதனைப் புதுக்க நினையார் என்பதும் அவ்வரிகளின் கருத்தென்பர். மாணவர் பலர் இதனைக் குளக்கோட்டனே வெட்டுவித்த சாசனமென எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தைன் த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624 ஆம் ஆண்டளவிற் கோட்டையெழுப்பினான். 1639 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். கோயிலை அழித்தோரின் மதிலே கோயிற் கல்லுக்குக் காப்பாயிற்று என்பது வியப்பே!

குளக்கோட்டன் யாவன்? கோணேசர் கல்வெட்டு அவனைச் சோழர் குலத்தவன் என்றும், திருப்பணி செய்து தொழும்பாளரைக் குடியேற்றியவன் என்றும் போற்றும். (பெயர் கல்வெட்டெனினும் அது நூலேயாம்.) அந்நூல் கூறும் கலியாண்டு 512 என்பது கிறித்துவுக்கு முன் 2590 அளவினதாதலின் வரலாற்றாசிரியர் அதனை ஏற்கார். ஆனால், கோட்டையிற் கிடைத்த வேறொரு துண்டுக் கல்லில், கிரந்த எழுத்தும் வடமொழியுமாய், சகம் 1145, அஃதாவது கி.பி. 1223 இல், சோடகங்கன் என்பான் இலங்கை வந்த செய்தி உள்ளது. இவனே குளக்கோட்டன் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். கருத்துப் பொருத்தமுடைத்து, எனினும், ஆண்டு கூறும் கல் குளக்கோட்டன் பெயரைக் கூறவில்லை, குளக்கோட்டனைக் கூறும் கல் ஆண்டு கூறவில்லை. இவ்விடைவெளியை நம் விருப்பத்தால் நிரப்புதல் தகாது.

இனிக் கயலை நோக்குவோம். அது பாண்டியர் இலச்சினை. சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தை வென்று கோணமலையிற் கயல் பொறித்தமையை அவனது குடுமியான்மலைச் சாசனம் கூறும். இது பதின்மூன்றாம் நூற்றாண்டுச் செய்தி. பறங்கியரைக் குறிக்கும் வரிகளோ பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டனவாதல் அரிது. ஆகவே, கயல் பொறித்த கை வேறு, எழுத்துப் பொறித்த கை வேறு என்பதே என் துணிபு. வென்ற வேந்தனின் அடையாளத்தருகே, இழப்பை அஞ்சிய பிற்காலத்தார் தம் பழைய தலைவனை நினைந்து எழுதிவைத்தனர் போலும். அவ்வாறாயின், இக்கல் குளக்கோட்டனது சாசனமன்று. அவனுக்கு மக்கள் வைத்த நினைவுக்கல்லேயாம்.

இத்தகைய நிகழ்ச்சி பிறநாட்டிலும் உண்டு. 1297 இல் ஸ்டேர்லிங் பாலத்தருகே ஆங்கிலப் படையை முறியடித்த ஸ்கொத்லாந்து வீரன் வில்லியம் வாலஸ், 1305 இல் இலண்டனிற் கொல்லப்பட்டான். அவன் புகழை நாடெங்கும் பரப்பியது ஏறத்தாழ 170 ஆண்டுகளின் பின் குருடர் ஹரி என்னும் புலவர் பாடிய காவியமே. அதிலுங் கற்பனை மிகுதி. போர்க்களத்தை நோக்கிய குன்றின்மேல் மக்கள் பொருளுதவியால் எழுந்த கற்கோபுரம் 1869 இலேதான் திறக்கப்பட்டது. ஆங்கும் பாட்டு முந்திற்று, கல் பிந்திற்று. ஆனால் அவர்கள் புதுக்கல் அடுக்கினர். நமக்கோ உடைந்த கல்லே எஞ்சிற்று.

அரசர் புதுக்க நினையார் என்ற வாக்கு ஒருவகையில் மெய்யாயிற்று. கோணேசர் கோயிலை மீள எழுப்பியோர் அரசரல்லர், சைவப் பொதுமக்கள். குடமுழுக்கு 1963 இல் நிகழ்ந்தது. அக்கோயிலுக்குச் செல்வோர் இன்றும் அக்கோட்டை வாயிலினூடாகவே செல்லுகின்றனர்.